புல் எப்படிக் கத்தியைத் தேய்க்கிறது?

பிள்ளைகளே, ஒரு புல்லைக் கிள்ளிப் பாருங்கள். நகம் பட்டதும் துண்டாகிவிடும். அதே நகத்தால் ஓர் உருக்குக் கத்தியைக் கீற முடியுமா? தடம்கூட விழாது. ஆனால் புல் வெட்டும் மெஷினின் கத்தியைக் கழற்றிப் பார்த்தால் அதன் விளிம்பு மழுங்கி, அங்கங்கே பல் விழுந்து கிடக்கும். மெத்தென்ற புல் உருக்கை எப்படித் தேய்த்தது? இதற்குப் பதில் தெரிந்துகொண்டால், எந்தக் கத்தி வாங்குவது, அதை எப்படிப் பேணுவது என்பதும் தன்னால் தெரிந்துவிடும்.

இதைப் பேச மத்திகிரியைவிட நல்ல ஊர் கிடையாது. ஓசூரை ஒட்டிய இந்த ஊரில் அரசின் கால்நடைப் பண்ணை இருக்கிறது. 1824-ல் ஆங்கிலேயரின் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. நூறு ஆண்டு கழித்து, 1924-ல், கால்நடைத் துறையின் கைக்கு வந்தது. பரப்பு ஏறத்தாழ 1,640 ஏக்கர். இருநூறு ஆண்டாகப் புல்லும் புல் தின்னும் விலங்குகளும் வாழ்ந்த மண் அது. சற்றுத் தள்ளிப் போனால் சிப்காட் தொழிற்பேட்டை. அங்கே தொழிற்சாலை வாசல்களில் கத்தரித்துவிட்ட புல்தரை. உள்ளே உருக்கை அறுத்துக் கடைந்து பதப்படுத்தும் இயந்திரங்கள். புல்லும் உருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊர்.

முதலில் குதிரையின் வாயைப் பார்ப்போம். குதிரை நாள் முழுதும் புல் மெல்லும். மென்று மென்று அதன் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்ந்துபோகிறது. நம் பல் அப்படித் தேய்ந்தால் சில ஆண்டுகளில் வெறும் ஈறுதான் மிஞ்சும். குதிரைக்குப் பல்லின் பெரும்பகுதி தாடைக்குள் புதைந்திருக்கிறது. மேலே தேயத் தேய, உள்ளே இருப்பது மெல்ல மெல்ல வெளியே வரும். பல் தேய்ந்திருக்கும் விதத்தை வைத்துக் குதிரைக்கும் மாட்டுக்கும் வயது சொல்லிவிடுவார்கள். சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

பல்லின் மேல்பூச்சான எனாமல்தான் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதையே தேய்க்கும் எதுவோ புல்லில் இருக்கிறது. அதன் பெயர் சிலிக்கா. மணலும் கண்ணாடியும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே பொருள். புல்லின் வேர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சும்போது, அதில் கரைந்திருக்கும் சிலிக்காவும் கூடவே ஏறுகிறது. இலைக்குப் போனதும் தண்ணீர் ஆவியாகிவிடும், சிலிக்கா தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துணுக்குகளாக அது இலையின் தோலிலும் விளிம்பிலும் படிகிறது. கம்பந்தட்டைக்குள் ஓடினால் கையில் கோடு கோடாகக் கீறுகிறதே, அது இந்த விளிம்பின் வேலை. நெல்லும் புல் வகைதான். அதன் உமியில் சிலிக்கா நிறைய உண்டு. தாத்தா பாட்டி காலத்தில் உமிக்கரியால் பல் துலக்கினார்களே, பல்லில் இருந்த கறையைத் தேய்த்து எடுத்தது அந்தச் சிலிக்காதான்.

ஓடவோ முட்டவோ முடியாத புல், தன்னைத் தின்ன வருகிறவற்றின் பல்லைத் தேய்த்துத் தற்காத்துக்கொள்கிறது. பல்லுக்குச் செய்வதையே கத்திக்கும் செய்கிறது.

ஆனால் கத்தி மழுங்குவதற்குப் புல்லை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அதைவிடப் பெரிய எதிரி புல்லின் அடியில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல் நாடு. எந்தப் பக்கம் பார்த்தாலும் பாறைக் குன்று. அந்தப் பாறை காலப்போக்கில் உதிர்ந்துதான் செம்மண் ஆனது. பாறைக்குள் இருந்த மற்றவை களிமண்ணாக மாறிவிட, வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) மட்டும் மாறாமல் மணலாகத் தங்கிவிட்டது. பிரெடரிக் மோஸ் என்பவர் 1812-ல் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். நம் நகம் அதில் இரண்டரை. புல் வெட்டும் கத்தியின் உருக்கு 5-லிருந்து 6-க்குள் வரும். வெங்கச்சங்கல் 7. மேலே இருப்பது கீழே இருப்பதைக் கீறும் என்பதே அந்த வரிசையின் விதி. ஆகவே ஒவ்வொரு மணல்துகளும் கத்தியைக் கீறும். தாழ வெட்டினால் மண் கிளம்பும், கத்தி சீக்கிரம் போகும். கோடையில் காய்ந்த தரையில் புல் வெட்டும்போது செம்புழுதி பறக்கிறது என்றால் கத்தி தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் கத்திக்கும் நல்லது, புல்லுக்கும் நல்லது. ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள்.

தன்னைவிட மென்மையான பொருள்கூட உருக்கை உடைக்கும் என்பதற்கு அழகான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. முகம் மழிக்கும் பிளேடு தலைமுடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. இருந்தும் சில நாளில் மழுங்கிவிடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்து அறிவியலாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்து 2020-ல் எழுதினார்கள். பிளேடு மெல்ல மெல்லத் தேய்ந்து போகவில்லை; விளிம்பிலிருந்து சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. முடி வளைந்து சாய்வாகப் படும்போது, உருக்கின் அமைப்பு சீராக இல்லாத இடத்தில் விளிம்பு உடைகிறது. கூரான விளிம்பு என்றால் மெல்லிய விளிம்பு. மெல்லியது எளிதில் உடையும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கத்தி வாங்கும்போது உதவும்.

இப்போது மெஷினுக்குள் போவோம். 1830 வரை உலகத்தில் புல் வெட்டும் மெஷின் என்று ஒன்று கிடையாது. மத்திகிரியில் குதிரைப் பண்ணை தொடங்கி ஆறு ஆண்டு கழித்துத்தான் அது பிறந்தது. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற நெசவு ஊரில் எட்வின் பட்டிங் என்ற பொறியாளர் இருந்தார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தரிக்க அங்குள்ள ஆலைகளில் ஓர் இயந்திரம் உண்டு. உருளையில் சுற்றிப் பொருத்திய கத்திகள் சுழன்று பிசிறை ஒரே அளவாகச் சீவும். அதைப் பார்த்தவருக்கு, துணிக்குப் பதில் தரையை வைத்தால் என்ன என்று தோன்றியது. 1830-ல் காப்புரிமை வாங்கினார்.

பட்டிங்கின் மெஷின் கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்வது. சுழலும் கத்தி ஒன்று, அடியில் அசையாத கத்தி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் புல் மாட்டி அறுபடும். மாட்டுத் தீவனம் நறுக்கும் சாஃப் கட்டரும் இந்த வகைதான். கம்பையும் நேப்பியர் புல்லையும் கலப்பினம் செய்து உண்டாக்கிய கம்பு நேப்பியர் ஆள் உயரத்துக்கு மேல் வளரும். தண்டு விரல் பருமன் இருக்கும். அதை நறுக்க இரண்டு விளிம்பு வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி கொஞ்சம் கூடினாலும் தண்டு நறுங்காமல் மடங்கி நசுங்கும்.

இப்போது நாம் அதிகம் பார்ப்பது வேறு வகை. ஒரே ஒரு பட்டைக் கத்தி, தரைக்கு இணையாகச் சுழலும். அடியில் இன்னொரு கத்தி கிடையாது. அப்படியானால் புல் ஏன் சாய்ந்து தப்பிக்கவில்லை? வேகம்தான் காரணம். கணக்குப் போடுங்கள். கத்தியின் நீளம் 53 சென்டிமீட்டர் என்றால், அதன் நுனி ஒரு சுற்றில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 1.66 மீட்டர். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் வினாடிக்கு 50. ஆக, நுனி ஒரு வினாடியில் 83 மீட்டர் போகிறது. மணிக் கணக்கில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் விளிம்பிலிருந்து சாய்ந்து விலகப் புல்லுக்கு நேரமே இல்லை. நின்ற இடத்திலேயே வெட்டுப்படுகிறது. வேகம் மட்டும் போதுமானது என்பதற்கு பிரஷ் கட்டரில் மாட்டும் நைலான் நரம்பே சாட்சி. அது வெறும் பிளாஸ்டிக். கூர்மை என்பதே கிடையாது. சுழலும் வேகத்தில் புல்லை அடித்து அறுக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பல்லஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் நைலான் தூரிகைகளைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்.

அப்படியென்றால் கத்தி கூராக இருக்க வேண்டிய அவசியம் என்ன? வெட்டு வாங்கிய புல்லை மறுநாள் போய்ப் பாருங்கள். கூரான கத்தி பட்ட நுனி நேர்க்கோடாக, பச்சையாக இருக்கும். மழுங்கிய கத்தி பட்ட நுனி நார் நாராகக் கிழிந்து, வெளுத்துப் பழுப்பேறிக் கிடக்கும். கிழிந்த இடம் பெரிது. ஈரம் அதன் வழியாகப் போகும், பூஞ்சை அதன் வழியாக வரும். புல் நுனியில் வளர்வதில்லை, இலையின் அடியிலிருந்து வளர்கிறது. அதனால்தான் மேய்ந்தாலும் வெட்டினாலும் சாகாமல் மறுபடி எழுகிறது. ஆனாலும் காயம் ஆறும்வரை அதற்குப் பாடுதான். மெஷினுக்கும் பாடுதான், மழுங்கிய கத்தியை இழுக்க எஞ்சின் கூடுதல் எரிபொருள் குடிக்கும்.

சரி, எந்தக் கத்தி வாங்குவது? மிகக் கடினமான உருக்கில் செய்ததை என்று உடனே சொல்லத் தோன்றும். அங்கேதான் அறிவியல் நம்மைக் கொஞ்சம் நிறுத்துகிறது. கடினம் வேறு, உரம் வேறு. கடினம் என்றால் கீறலுக்கு இடம் கொடுக்காதது. உரம் என்றால் அடி விழுந்தால் உடையாதது. முறுக்கு கடினமானது, கீழே போட்டால் நொறுங்கும். அதிரசம் மெத்தென்றது, போட்டால் நசுங்குமே தவிர உடையாது. புல் கத்திக்கு இரண்டு குணமும் சேர்ந்து வேண்டும். மணலைத் தாங்கக் கடினம், ஒளிந்திருக்கும் கல்லில் மோதினால் தாங்க உரம். வெறும் கடினம் மட்டும் உள்ள கத்தி கல்லில் பட்டால் உடைந்து, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு துண்டு வெளியே பறக்கும். அதனால் புல் கத்தி கல்லில் மோதினால் வளைய வேண்டும், உடையக்கூடாது. அமெரிக்கப் பாதுகாப்பு விதி ஒன்று கத்தி நுனியின் வேகத்துக்கே வரம்பு வைத்திருக்கிறது: வினாடிக்கு ஏறத்தாழ 96 மீட்டர்.

இந்த இரண்டு குணத்தையும் ஒரே இரும்பில் எப்படி வரவழைப்பது? கொல்லர் பட்டறையில் பாருங்கள். அரிவாளை உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார். இது தோய்ச்சல். சட்டென்று குளிர்வதால் இரும்பில் கலந்திருக்கும் கரி வெளியே போக வழியில்லாமல் அகப்பட்டுக்கொள்ளும். உருக்கு மிகக் கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் வந்துவிடும். அதைத் தணிக்க மறுபடி இளஞ்சூட்டில் காட்டுவார். அப்போது மினுக்கிய உருக்கின் மேல் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் மஞ்சள் ஏறத்தாழ 220 டிகிரி. நீலம் ஏறத்தாழ 300 டிகிரி. நிறத்தைப் பார்த்தே எங்கே நிறுத்துவது என்று கொல்லருக்குத் தெரியும். வெப்பமானி இல்லாமல் வெப்பத்தை அளக்கும் இந்தக் கண்ணை நான் மிகவும் மதிக்கிறேன்.

நல்ல புல் கத்திகளைத் தொழிற்சாலையில் வேறொரு வழியில் செய்கிறார்கள். காய்ச்சிய உருக்கைத் தண்ணீரில் முக்குவதில்லை. 300 டிகிரிக்கு மேல் உருகி நிற்கும் உப்பில் முக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார்கள். அப்போது உருக்கின் உள்ளே வேறொரு அமைப்பு உருவாகிறது. அதைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான அமெரிக்க அறிவியலாளர் எட்கர் பெயின் பெயரால் அதைப் பெயினைட் என்கிறார்கள். கடினமும் உரமும் அதில் ஒன்றாக அமைகின்றன. உங்களில் யாருடைய அப்பாவாவது அம்மாவாவது ஓசூரில் ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள்; உருக்கைச் சுடுவதும் குளிர்விப்பதும்தான் அங்கே முழுநேர வேலை.

கத்தி வாங்கும்போது ஓர் எளிய சோதனை உண்டு. அரம் கடினமான உருக்கு. கத்தியின் விளிம்பில் அரத்தை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினால் மெல்லப் பிடித்து அராவ வேண்டும். பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் கத்தி மிதமிஞ்சிக் கடினம். தொட்டதும் பொடி பொடியாக உதிர்ந்தால் வெறும் இரும்பு. ஒரே வாரத்தில் மழுங்கும். நடுவிலே இருப்பதுதான் நல்ல கத்தி. நீளமும் நடுத்துளையின் வடிவமும் மெஷினுக்கு உரியதாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் நுனி வேகம் கூடும், ஆபத்தும் கூடும். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வாங்கி அரிவாள் அடிப்பது நம் கொல்லர்களின் வழக்கம். அருமையான அரிவாள் வரும். ஆனால் அதையே வெட்டி மெஷினுக்குக் கத்தியாக மாட்டக்கூடாது. ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். கையில் பிடிக்கும் அரிவாளில் அது பெரிய விஷயமில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அது உயிர்ப் பிரச்சினை.

கத்தியின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது காற்றாடி வேலை செய்கிறது. சுழலும்போது காற்றை மேலே இழுத்து, படுத்துக் கிடக்கும் புல்லை நிமிர்த்தி விளிம்புக்குக் கொடுக்கிறது. காற்றோடு மணலும் வந்து அந்த வளைவின் அடியில் மோதிக்கொண்டே இருக்கும். ஆகவே கத்தி முதலில் மெலிவது அங்கேதான். விளிம்பு நன்றாக இருந்தாலும் வளைவின் அடி காகிதமாக மெலிந்துவிட்டால் கத்தியை மாற்றிவிட வேண்டும். விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது.

சாணை பிடிப்பதில் பலரும் கெடுப்பது சூட்டால்தான். கிரைண்டரில் அழுத்திப் பிடித்தால் தீப்பொறி பறக்கும், சீக்கிரம் கூராகும். கூடவே விளிம்பில் நீலம் ஓடும். கொல்லரின் நிறக் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? நீலம் வந்துவிட்டால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது. அதற்கு மேலும் சூடு ஏறினால், தொழிற்சாலையில் பார்த்துப் பார்த்துக் கொடுத்த பதம் போய் விளிம்பு மெத்தென்றாகும். அடுத்த வாரமே மழுங்கும். அதனால் லேசாகத் தொட்டு, அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்க வேண்டும். அரத்தால் அராவினால் இந்தக் கவலையே இல்லை. முகம் மழிக்கும் பிளேடு அளவுக்குக் கூர் ஏற்றவும் வேண்டாம். மெல்லிய விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும் என்று பார்த்தோமே. புல் கத்திக்கு ஏறத்தாழ 30 டிகிரிச் சாய்வு போதும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு அராவ வேண்டும். ஒரு பக்கம் பத்து கிராம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி அந்தப் பத்து கிராம் இருந்தால், 3,000 சுற்றில் அது ஏறத்தாழ 25 கிலோ எடையின் விசையோடு அச்சை வெளியே இழுக்கும். அந்த இழுப்பு வினாடிக்கு 50 தடவை சுற்றிச் சுற்றி வரும். மெஷின் நடுங்கும், பேரிங் போகும், போல்ட் தளரும். சரிபார்க்கச் சுவரில் அடித்த ஆணி ஒன்று போதும். கத்தியின் நடுத்துளையை ஆணியில் மாட்டினால், எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் கனம். அங்கே இன்னும் கொஞ்சம் அராவி, கத்தி படுக்கையாக நிற்கும்வரை பார்க்க வேண்டும். நீங்கள் இதை நடுவில் துளையிட்ட அட்டைத் துண்டால் செய்து பாருங்கள்; ஒரு நுனியில் சிறு காகிதம் ஒட்டினாலும் சாய்வு தெரியும்.

மெஷினையும் கத்தியையும் நீங்கள் தொடக்கூடாது. அது பெரியவர்கள் வேலை; அவர்களும் ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிட்டு, மின்சார மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பிரஷ் கட்டர் ஓடும்போது 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள். வெட்டுவதற்கு முன்னால் புல்லுக்குள் கிடக்கும் கல், கம்பி, பாட்டில் துண்டு இவற்றைப் பொறுக்கி எடுப்பதுதான் கத்திக்குச் செய்யும் பெரிய பராமரிப்பு. வேலை முடிந்ததும் ஒட்டியிருக்கும் ஈரப்புல்லைச் சுரண்டி, துடைத்து, எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். மழை ஓடி வடிந்த இடத்தில் ஒரு கைப்பிடிச் செம்மண் எடுத்து, கழுவிக் காயவையுங்கள். ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன்மேல் உலாவ விடுங்கள். கறுப்பாகச் சில துகள்கள் மீசைபோல் ஒட்டும். அது இரும்புத்தாது. இப்படிப்பட்ட தாதுவை உருக்கத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் மிகப் பழைய காலத்திலேயே இருந்தார்கள். பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. காந்தத்தில் ஒட்டாமல் மிஞ்சிய மண்ணில் வெள்ளையாக, பளபளப்பாக இருக்கும் துகளைப் பொறுக்குங்கள். பழைய ஆணி ஒன்றைத் துணியால் மினுக்கி, அந்தத் துகளை ஒரு ரப்பரால் அழுத்தி அதன்மேல் இழுங்கள். கோடு விழும். கைக்கண்ணாடி இருந்தால் அந்தக் கோட்டைப் பார்த்து, எத்தனை ஆழம், விளிம்பு எப்படி என்று வரைந்து வையுங்கள்.